நாலு சில்லும் நாலு தேசிக்காயும்

குளிர்காலக் காலையில் அந்தக் காரின் ஹீற்றர் முதல் ஊதும் காற்றுக்கு ஒரு மணம் உண்டு. சூடேறிய தூசி, ஈரமான கம்பளிக் கையுறை, முன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த பழைய திருநீறு, முந்தின சனிக்கிழமை டிக்கிக்குள் ஒழுகிப்போன நல்லெண்ணெய் எல்லாம் சேர்ந்து வரும் மணம் அது. மூக்கில் ஏறியதும் நானும் தம்பியும் கையுறையைக் கழற்றிவிட்டு, கருஞ்சிவப்பு மெத்தைத் துணியில் விரலால் எங்கள் பெயரை எழுதுவோம். மேலிருந்து கீழாகத் தடவினால் எழுத்துத் தெரியும். கீழிருந்து மேலாகத் தடவினால் அழிந்துவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் வளர்ந்த எனக்குக் கிடைத்த முதல் சிலேற் அந்தக் காரின் சீற்தான்.

கார் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பனியுடையது. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், ஜப்பான் கார் வைத்திருந்த என் மாமாமார் இந்த வயதிலும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அக்காலத்தில் ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் வாங்கியதெல்லாம் சின்ன ஜப்பான் கார்கள்தாம். பெற்றோல் குறைவு, பழுது குறைவு, விற்றாலும் நல்ல விலை என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, அப்பா மட்டும் மூன்று வருடம் ஓடிய ஒரு நீட்டுக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அதன் பின்பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் இடத்திலும் கொஞ்சம் கிடந்தது. அம்மாவின் தம்பி சிவம் மாமா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அத்தான், உந்தக் கப்பலை என்னெண்டு கரைக்குக் கொண்டுவந்தனீங்கள்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அதன் பெயர் "கப்பல்" ஆயிற்று.

அப்பாவுக்கு அந்தக் கம்பனி மீது சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம். ஊரில் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடும் கார் ஒன்று இருந்ததாம், பின்பக்கம் இரண்டு செட்டை முளைத்த அதே கம்பனிக் கார். மாப்பிள்ளை வந்து இறங்கியதும் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்க்க, அப்பா காரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். கார் விற்றவர் கொடுத்த வழவழப்பான புத்தகத்தை அவர் அகராதியின் துணையோடு வரி விடாமல் வாசித்தார். வருகிறவர்களையெல்லாம் இருத்தி, "இஞ்ச பக்கத்தில ஒஷாவாவில செய்த கார். முந்தி அங்க குதிரை வண்டில் கட்டினவங்கள். அதிலயிருந்துதான் இவ்வளவும் வந்தது" என்பார். தேத்தண்ணீர் ஆறிப்போகும், குதிரை வண்டில் மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கும்.

அம்மா அந்தக் காரை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் வேறு. கார் சீற்றுகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில் அவர் நாலு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தார். காரைப் பார்க்கப் போன அன்று, அப்பா எஞ்சினைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, அம்மா முன் கதவைத் திறந்து சீற்றின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு மூலையில் விரல் நின்றது. "இது எங்கட லைன்ல தைச்சது" என்றார். "இந்த மூலையை இரண்டுதரம் மடிச்சுத் தைக்கிறது நாங்கள் மட்டும்தான்." அவர் தன் கையால் தைத்ததா, பக்கத்து மெசினில் இருந்தவர் தைத்ததா என்பது யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

கார் வாங்கியதே அந்தத் தொழிற்சாலையால்தான். வருகிற மே மாதம் அது ஒஷாவாப் பக்கம் இடம் மாறப்போவதாக அறிவித்துவிட்டார்கள். காலை வேலை ஆறரைக்குத் தொடங்கும். அந்த நேரத்தில் அங்கே போக பஸ் இல்லை. பேக்கரியில் வேலை செய்த அப்பாவும் அதே நேரத்தில் மாவுக்குள் நிற்பார். அம்மா தானே கார் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். மெசின் சத்தத்துக்குள் இருக்கும்போதுதான் தன் மனம் அமைதியாக இருக்கிறது என்று சொல்லும் அம்மாவுக்கு, அந்த வேலை சம்பளத்துக்கு மட்டுமானது அல்ல. எழுத்துச் சோதனையில் அவர் முன்னரே சித்தியடைந்திருந்தார். மிச்சம் இருந்தது வீதியில் ஓட்டிக்காட்டும் ரோட் ரெஸ்ற்.

அதற்கு முன் கோவிலுக்குப் போனோம். தொழிற்சாலைகளுக்கு நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் சாமான் அறை மாதிரித் தெரியும் கோவில். ஐயர் ஜக்கெற்றுக்கு மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, காரின் நெற்றியில் சந்தனம் பூசி, நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வைத்தார். வழக்கப்படி கார் அவற்றின் மேல் ஏற வேண்டும், தேசிக்காய் "படக்" என்று நசிய வேண்டும், கண்ணூறு அதோடு போய்விட வேண்டும். ஆனால் முந்தின நாள் கொட்டிய பனி அரை முழம் கிடந்தது. அப்பா காரை எடுத்தார். தேசிக்காய்கள் சத்தமில்லாமல் பனிக்குள் புதைந்துபோயின. ஐயர் குளிருக்குள் அவசரமாக உள்ளே போய்விட்டார். அப்பா இறங்கிக் காலால் பனியைக் கிளறிப் பார்த்தார். ஒன்று முழுசாகக் கிடந்தது. முகம் கறுத்துப்போய்த் திரும்பி வந்து ஏறினார்.

பெப்ரவரியில் நடந்த முதல் ரெஸ்ற்றில் அம்மா தோற்றார். இரண்டு கார்களுக்கு நடுவே கப்பலைப் பின்னுக்கு விட்டு ஒதுக்கும்போது பின்சில்லு நடைபாதையில் ஏறிவிட்டது. ட்றைவிங் பழக்குகிறவரின் சின்னக் காரை எடுத்துக்கொண்டு போகலாமே என்று சிவம் மாமா சொன்னார். "நான் தைச்ச சீற்றில இருந்துதான் ஓடுவன்" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். அப்பாவின் மனம் வேறு எங்கேயோ இருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது, "அண்டைக்குத் தேசிக்காய் நசியேல்லை" என்று மட்டும் தட்டைப் பார்த்துச் சொன்னார்.

மார்ச்சில் இரண்டாம் ரெஸ்ற். நானும் தம்பியும் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டுச் சோதனை நிலையத்துக்குப் போனோம். அம்மா உள்ளே பெயர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, காரைச் சரியான இடத்தில் விட்டுவிட்டு வருகிறேன் என்று அப்பா வெளியே போனார். திரும்பி வந்தபோது அவருடைய காற்சட்டையின் இரண்டு முழங்காலும் நனைந்திருந்தன. நான் கண்டேன்; ஏனென்று கேட்கவில்லை. அம்மா போய் ஏறினார். பக்கத்தில் பரிசோதகர் ஏறினார், சிவப்புத் தலைமயிரும் பெரிய பூட்ஸும் உள்ள ஒரு பெண்மணி. நாங்கள் கண்ணாடி யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம். கார் ஒரு முழம் நகர்ந்து நின்றது. பரிசோதகர் இறங்கினார். சுற்றி வந்தார். குனிந்தார். தட்டையாகிப்போன பச்சை நிறமான ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"நான் ஒண்டும் செய்யேல்லை" என்றார் அப்பா. அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

காருக்குள் நடந்ததை அம்மா பின்னர் சொன்னார். நாலு சில்லிலும் "படக், படக்" என்று வெடித்ததும் எதையோ அடித்துவிட்டோம் என்று இருவருமே பயந்துபோனார்களாம். இது என்ன என்று பரிசோதகர் தேசிக்காயைக் காட்டிக் கேட்டாராம். தையல் மெசினுக்கு வேண்டிய ஆங்கிலம் அம்மாவிடம் இருந்தது. கண்ணூறுக்கு வேண்டிய ஆங்கிலம் இல்லை. அந்த நேரம் வாயில் வந்த ஒரே சொல் "ஹஸ்பண்ட்." பரிசோதகர் அம்மாவை ஒரு கணம் பார்த்துவிட்டு, எல்லாம் விளங்கியவர் போலத் தலையாட்டி, சரி, ஓட்டுங்கள் என்றாராம். அதோடு விட்டிருந்தால் அம்மா வென்றிருப்பார். ஆனால், அப்பாவை என்னென்ன கேட்கலாம் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனதில், ஒரு நிறுத்தற் பலகையை நிறுத்தாமல் தாண்டிவிட்டார்.

மூன்று நாட்கள் அம்மா அப்பாவுடன் நேராகப் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடும்போது, "உங்கட அப்பாட்டச் சம்பல் போதுமோ எண்டு கேள்" என்று என்னிடம் சொல்வார். "போதும் எண்டு சொல்லு பிள்ளை" என்று அப்பா எனக்குச் சொல்வார். தம்பிக்கு இது நல்ல விளையாட்டாகப்போய்விட்டது. இல்லாத கேள்விகளையெல்லாம் கொண்டுபோய் இரண்டு பக்கமும் கேட்டு அடி வாங்கினான்.

அந்த நேரத்தில்தான் எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இருந்த ஃபரீதா அன்ரி காரியத்தைக் கையில் எடுத்தார். அவருடைய கணவர் கார்ப்பெற் போடும் வேலை செய்தவர். கார்ப்பெற் உருளைகள் ஏற்றிய வான் வண்டியை ஸ்காபரோ முழுவதும் ஓட்டித் திரிந்தது அன்ரிதான். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், மால் திறக்கமுதல் வெறும் வாகனத் தரிப்பிடத்தில், சாமான் தள்ளும் வண்டில்களைச் சரியான இடைவெளியில் நிறுத்திவைத்து அம்மாவைப் பழக்கினார். "பயப்படாதீங்க தங்கச்சி. நீளமான காருதான், ஆனா முடிவில்லாத கார் இல்ல. பின்னால முடியுற இடம் உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்பார். நாலு ஞாயிறுகளில் அம்மா பதினொரு வண்டில்களை இடித்தார். பிறகு இடிக்கவில்லை. அந்தக் காலைகளில் நானும் தம்பியும் இடிபட்ட வண்டில்களைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஏப்ரல் கடைசியில் மூன்றாம் ரெஸ்ற். இதிலும் தோற்றால், அடுத்த தவணை கிடைக்கமுதல் தொழிற்சாலை போய்விடும். அப்பா வரக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டார். ஃபரீதா அன்ரி பக்கத்தில் இருக்க, அம்மாவே ஓட்டிக்கொண்டு போனார். நானும் தம்பியும் பின்னால் இருந்தோம். போய்ப் பார்த்தால் அதே சிவப்புத் தலைமயிர்ப் பெண்மணி. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பரிசோதகர் கதவைத் திறக்கப்போகையில், அம்மா கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னார். முன் இடது சில்லின் பக்கத்தில் குந்தி, கீழே எட்டிப் பார்த்து, கையை விட்டுத் தடவினார். எழும்பிப் பின்சில்லுக்குப் போனார். அங்கேயும் குந்தினார். நாலு சில்லையும் அப்படியே பார்த்தார். அப்பா வீட்டில்தான் நின்றார் என்றாலும், வெளிக்கிடமுதல் வாசலில் என்ன வைத்தாரோ, அது எந்தச் சில்லில் ஒட்டிக்கொண்டு வந்ததோ என்ற பயம். அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு அது நியாயமான பயம்.

பரிசோதகர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் பலகையில் எதையோ எழுதினார். வாகனத்தை எடுக்கமுதல் இப்படிச் சுற்றிப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு என்று அவர் அம்மாவிடம் சொன்னாராம். அந்த ஒரு சொல்லோடு அம்மா ஏறிக் காரை எடுத்தார். கப்பல் இரண்டு கார்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போய் நின்றதை நாங்கள் யன்னலால் பார்த்தோம். ஃபரீதா அன்ரி "அல்ஹம்துலில்லாஹ்" என்று என் தோளைப் பிடித்து அழுத்திய இடம் இரண்டு நாள் நொந்தது.

வீட்டு வாசலில் அம்மா ஹோர்ன் அடித்தார். அப்பா செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே வந்தார். "நான் ஒண்டும் வைக்கேல்லை" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை.

"தெரியும். நாலையும் பாத்தனான்" என்றார் அம்மா. "ஏறுங்கோ."

அப்பா பழக்கதோசத்தில் ஓட்டுகிறவரின் கதவுப் பக்கம் வந்து நின்றார். அம்மா அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவருக்கு விளங்கியது. சிரித்துக்கொண்டு சுற்றிப் போனார். முன்னால் மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரே நீட்டுச் சீற் அது; ஃபரீதா அன்ரி நடுவுக்கு நகர, அப்பா கரையில் ஏறினார். அம்மா எங்கே போகிறார் என்று யாருக்கும் சொல்லவில்லை. நாலு குளிர்காலம் தான் விறைத்து நின்ற பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் வந்ததும் வேகத்தைக் குறைத்தார். அங்கே ஒருவரும் இல்லை. வெறும் கம்பத்தைப் பார்த்து ஒருதரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார். அவ்வளவு சந்தோசமான சத்தத்தை நான் அதன் பிறகு அதிகம் கேட்டதில்லை.

கப்பல் இன்னும் எட்டு வருடம் ஓடியது. இப்போது அந்த மொடலும் இல்லை, மூன்று பேர் நெருங்கியிருக்கும் முன்சீற்றும் இல்லை. அம்மாவின் தொழிற்சாலையும் பிறகு எங்கேயோ போய்விட்டது. காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்த அன்று, அம்மா தையல் பிரிக்கும் கத்தியோடு போய் இரண்டு மடிப்புள்ள அந்த மூலையைப் பிரித்தெடுத்துக்கொண்டு வந்தார். மார்க்கம் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுச் சோபாவில் அது ஒரு குட்டித் தலையணையாகக் கிடக்கிறது. இன்றும் விரலால் பெயர் எழுதலாம்.

போன மாதம் என் மகளுக்கு ரோட் ரெஸ்ற். சத்தமே போடாத மின்சாரக் கார். அம்மாவும் அப்பாவும் வரத்தான் வேண்டும் என்று நின்று வந்தார்கள். மகள் பெயர் கொடுக்க உள்ளே போன கையோடு, அம்மா நோகும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நாலு சில்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். நிமிர்ந்து, கொஞ்சம் தள்ளி நின்ற அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சருங்கோ, கையை வெளியால எடுங்கோ."

அப்பா கோட்டுப் பொக்கற்றிலிருந்து கையை எடுத்தார். நாலு தேசிக்காய். அம்மா அவற்றை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டடி நடந்தவர் நின்று, ஒன்றைத் திரும்ப எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதை அவளின்ர ஜக்கெற் பொக்கற்றுக்குள்ள வைச்சுவிடு" என்றார். "சில்லுக்குக் கீழ மட்டும் வேண்டாம்."