டேப்லெட் திரையை யார் பார்ப்பார்கள்?

நர்ஸ் செல்வி போனில் அழுதுகொண்டிருந்தார். "சார், பாய் படிச்சுப்போட்டாருங்க. எல்லாத்தையும் படிச்சுப்போட்டாருங்க."

நான் அப்போது கோவையில் ஓர் அறக்கட்டளையின் அலுவலக மேலாளர். முற்றிய புற்றுநோய் உள்ளவர்களின் வீட்டுக்கே நர்ஸ்களை அனுப்பி வலியைத் தணிப்பது எங்கள் வேலை. அதுவரை எல்லாம் காகித ஃபைல்தான். சாப்ட்வேருக்கு மாறலாம் என்றதும், நன்கொடையாளர் ஒருவர், தன் கம்பெனி பெரிய ஆஸ்பத்திரிகளுக்காகத் தயாரித்திருந்த சாப்ட்வேரை இலவசமாகவே கொடுத்தார். டேப்லெட்டும் அவரே வாங்கித் தந்தார். டிரையல் ஓடிக்கொண்டிருந்தது.

பாய் உக்கடத்தில் டெய்லர் கடை வைத்திருந்தவர். கணையத்தில் புற்று. "அத்தாகிட்ட அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோமுங்க. நீங்களும் அப்படியே சொல்லிப்போடுங்க" என்று அவருடைய இரண்டு மகன்களும் அப்பாவுக்குத் தெரியாமல் எங்களிடம் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று பி.பி. பார்ப்பதற்காகச் செல்வி டேப்லெட்டைக் கட்டிலில் வைத்திருக்கிறார். பெயருக்குக் கீழே நோயும் அதன் நிலையும் பெரிய சிவப்பு எழுத்தில், தமிழிலேயே இருந்தன. டாக்டர் மேஜையில் இருக்கும் திரைக்கு அது சரி. கட்டிலில் கிடக்கும் திரைக்கு?

காந்திபுரம் ஆபீஸிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். மகன்கள் கடையில் இருந்தார்கள். பாய் தலையணையில் சாய்ந்தபடி, செல்வியை டீ குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். இந்த அம்மணிய ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. எனக்கு மொதல்லயே தெரியுங்க. பசங்க வெளிய நின்னு அழுவறது காதுல உழுகாதுங்களா?"

"அப்புறம் ஏனுங்க பாய் கேக்கவே இல்ல?"

"கேட்டா அவனுக பொய் சொல்லோணும். நம்ம வாயால எதுக்குங்க அவனுகளப் பொய் சொல்ல வெக்கோணும்? எனக்குத் தெரியும்னு அவனுககிட்ட நீங்களும் சொல்லிப்போடாதீங்க."

ஆபீஸுக்கு வந்து இதைப் பதிய முயன்றேன். 'நோயாளிக்கு நோய் தெரியுமா?' என்ற கட்டத்தில் ஆம், இல்லை இரண்டுதான். அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது மகன்களுக்குத் தெரியாது என்பதை எங்கே எழுதுவது? அடுத்துப் போகும் நர்ஸுக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். கம்பெனிக்குப் போன் செய்தால், "அது ஃபிக்ஸட் ஃபார்மட் சார், மாத்த முடியாதுங்க" என்றார்கள்.

டிரஸ்டிகள் தயங்கினார்கள். "சும்மா குடுக்கறாருங்க. வேண்டாம்னா மனசு சங்கடப்படுவாரே?"

நானே நன்கொடையாளரைப் போய்ப் பார்த்தேன். பெயர், ஊர் எதையும் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"எங்கப்பாகிட்டயும் நாங்க சொல்லலீங்க. அவருக்கும் தெரிஞ்சிருக்குமோ என்னமோ" என்றார். பிறகு, "உங்களுக்கு ஒத்து வர்றதப் பாருங்க. டேப்லெட் இருக்கட்டும்" என்றார்.

சின்ன சாப்ட்வேர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். டாஷ்போர்டு, கலர் சார்ட் எதுவும் கிடையாது. திரையில் நோயின் பெயர் வராது. உள்ளே போய்த் தேடினால்தான் தெரியும். நர்ஸ்கள் தங்கள் வார்த்தையில் எழுத ஒரு வெற்றிடம் இருந்தது. அதற்குப் பிறகு எந்த சாப்ட்வேர் டெமோவையும் நான் ஆபீஸில் மட்டும் பார்த்து முடிவு செய்ததில்லை. தொண்டு நிறுவனத்துக்கு சாப்ட்வேர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: அது எந்த வீட்டில், யார் பக்கத்தில் திறக்கப்படுமோ, அங்கே உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.

கொஞ்ச நாள் கழித்து பாய், செல்வியைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, மகன்களைக் கூப்பிட்டு, தனக்கு எல்லாம் தெரியும் என்று தானே சொன்னார். அன்று செல்வி அந்த வெற்றிடத்தில் எழுதியது: "மூணு பேரும் சேர்ந்து அழுதாங்க. இனி இந்த வீட்டுல எல்லாமே பேசலாம்."