கிடாருக்குள் என் பாவாடை

மஞ்சள் நிறத்தில் எனக்கு ஓர் உள்பாவாடை இருந்தது. கட்டிக் கட்டி ஓரம் நைந்து, கரித்துணியாகப் போக வேண்டிய நேரத்தில் அதற்கு வேறு வேலை கிடைத்தது. போன வருஷம் படித்த மனிதர்கள் இரண்டு பேர் அந்தப் பாவாடையைப் பற்றிக் கருத்து வேறுபட்டார்கள். ஒருவர் புகழ்ந்தார், ஒருவர் திட்டினார். தாங்கள் பேசுவது ஒரு பாவாடையைப் பற்றி என்று இரண்டு பேருக்குமே தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

என் தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். இருபது வருஷத்துக்கு மேல் ராத்திரி ஷிப்ட். காலையில் எண்ணெயும் துருவும் மணக்க வந்து, குளித்து, பழையதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் எழுவான். ராயபுரத்தில் எங்கள் வீடு ஒரே அறை; சமையலுக்குப் பின்னால் ஓர் ஒதுக்கு. அவன் மனைவி காய்ச்சலில் போன பிறகு அவன் மகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள் நான். விடிகாலையில் காசிமேட்டில் மீன் எடுத்து விற்பேன். மிச்ச நேரமெல்லாம் அவள் வாயை மூடுவதுதான் வேலை. தெருவில் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் தம்பி அசைய மாட்டான். வீட்டுக்குள் ஒரு கரண்டி விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். விசில் வருவதற்குள் குக்கரை இறக்கிவிடுவேன். எங்கள் வீட்டில் பருப்பு வெந்ததே கிடையாது. அவள் சிரித்தாலும் அழுதாலும் உதட்டில் விரலை வைத்து "உஸ்" என்பேன். மீன் விற்கிற தொண்டை அல்லவா, என் "உஸ்"ஸுக்குத்தான் தம்பி பாதி நாள் எழுந்திருக்கிறான்.

அவளுக்குப் பதினோரு வயதில் மாதா கோயில் பாடல் குழுவில் ஒரு பழைய கிடாரைக் கொடுத்தார்கள். பள்ளி விட்டு நாலு மணிக்கு வருவாள். அப்பன் எழ இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். பழகுவதற்கு அந்த ஒரு மணி நேரம்தான். முதல் நாள் ஒரே ஒரு தடவை தட்டினாள், வீடே அதிர்ந்தது. நான் கொடியில் கிடந்த பாவாடையை உருவி, கிடாரின் வட்ட ஓட்டைக்குள் திணித்தேன். "இப்ப அடிடி" என்றேன். ஈரச் சாக்கைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. அதற்கு மேலே கேட்காதபடி அவள் தன் குரலையும் சுருட்டிக்கொண்டாள். அப்படியே ஏழு வருஷம் பழகினாள். பிறகு தானாகவே பாட்டுக் கட்ட ஆரம்பித்தாள். அதுவும் அதே குரலில்தான்.

இப்போது அவள் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். போன வருஷம் தன் பாட்டுகள் எட்டைச் சேர்த்து ஆல்பமாக வெளியிட்டாள். பதிவு செய்த இடத்தில் துணியை எடுக்கச் சொன்னார்களாம். "அது இல்லாம எனுக்குக் கை ஓடாதுண்ணா" என்று சொல்லிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஒருவர் அதைப் பற்றி எழுதியிருந்தார். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும் என்பதால் அவளே படித்துக் காட்டினாள். கடற்கரைப் பனிக்குள்ளிருந்து வருவது போன்ற கிடார், எதையும் விற்க முயலாத குரல் என்று போயிற்று. மீன்காரியை எதிரில் வைத்துக்கொண்டு படிக்கிற வாக்கியமா அது? ஆனால் அந்தப் பனி என் பாவாடை. அதற்கு அதுவரை அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

எங்கள் தெருவிலும் இரண்டு கட்சி. இஸ்திரி வண்டிக்காரர், "பாப்பா பாட்டப் போட்டுகினு தேய்ச்சா ஒரு துணி தீயறதில்லக்கா" என்றார். மார்க்கெட்டில் என் பக்கத்துக் கூடைக்காரி, "இன்னாடி இது? கொசு காதாண்ட வந்து ஜெபம் பண்ற மாதிரி கீது" என்றாள்.

அடுத்து வந்தது போன் வீடியோவில் பாட்டுகளை விமர்சிக்கிற ஒரு தாடிக்காரர். அவள் சத்தமாக வைத்தாள். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த தம்பிக்கும் கேட்டது. "ராயபுரத்துலேர்ந்து வர்ற பொண்ணு, ஹார்பர் பக்கத்துல வளர்ந்தவங்க. அந்தச் சத்தமெல்லாம் எங்க? பக்கத்துல யாரோ தூங்குறாங்க, எழுப்பிடக் கூடாதுன்னு பயந்து பயந்து பாடுற மாதிரி இருக்கு." கண்டுபிடித்துவிட்டானே என்று நான் சிரித்தேன். திரும்பித் தம்பி முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

தம்பி வேலையிலிருந்து ஓய்வுபெற்று அப்போது இரண்டு வருஷம். அதிலிருந்து அவனுக்குத் தூக்கமே இல்லை. ராத்திரியானால் உடம்பு வேலைக்குக் கிளம்பக் காத்திருக்கும். பகலில் படுத்தால் வெட்டியாகக் கிடக்கிறோமே என்று எழுந்துவிடுவான். அன்றைக்கு அவள் வெளியே போனதும் என்னிடம் வந்தான்.

"யக்கா, அந்தாளு என்னத்தான் சொல்றான்."

"உன்ன அவுனுக்குத் தெரியுமாடா?"

"நான் தூங்கணும்னு அந்தப் புள்ள தொண்டைய நெரிச்சிட்டேன்க்கா."

நாலு நாள் அவன் மகள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவளும் ஆடிப்போயிருந்தாள். அடுத்த வாரம் ஒரு ஹாலில் மேடையேற வேண்டும். ஒரு வரி பாடுவாள், நிறுத்துவாள். "பயந்தா பாடுறேன் அத்தே?" என்பாள். "எப்டிப் பாடுறதுன்னே தெர்ல."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். தம்பி எழுந்து போய்ச் சுவரிலிருந்த கிடாரை எடுத்தான். ஓட்டைக்குள் விரலை விட்டு, நாடாவைப் பிடித்து, மீனின் குடலை உருவுவது போல என் பாவாடையை வெளியே இழுத்தான்.

"இது இன்னாத்துக்கு இன்னும்? நான்தான் வேலைக்கே போறதில்லியே. நல்லா கத்திப் பாடு. தெருக்கோடி வரிக்கும் கேக்கட்டும்" என்று அதை என் மடியில் போட்டான்.

"டேய், பேப்பர்ல வந்த துணிடா அது, மடிச்சிக் குடு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அவள் பாடினாள். கம்பிகள் எவர்சில்வர் தட்டு உருண்ட மாதிரி அலறின. குரல் மேலே போய் இரண்டாவது வரியில் உடைந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவள் கிடாரின் மேல் கையை வைத்துச் சத்தத்தை நிறுத்தினாள்.

"இது நான் இல்ல நைனா."

"எல்லாம் என்னாலதான்."

"சொம்மா இரு. மொதல்ல உனுக்காகத்தான் அடக்கிப் பாடினேன், இல்லேங்கல. அப்பறம் அப்டிப் பாடினாதான் எனுக்கே என் பாட்டு கேட்டுது. எவனோ பயம்னு சொன்னா அது பயமாயிடுமா?" என் மடியிலிருந்து பாவாடையை எடுத்து, மடித்து, உள்ளே திணித்தாள். "ஒரு வாட்டியாவது முயிச்சிகினு கேட்டுக்கிறியா நீ? இப்ப கேளு."

முதல் பாட்டுக்குப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கண்ணை விரித்து நேராக உட்கார்ந்து கேட்டான். இரண்டாவது பாட்டில் முதுகு சுவரில் சாய்ந்தது. மூன்றாவதில் தலையும் சாய்ந்தது. நாலாவது பாட்டு பாதியில் வாய் பிளந்து, வீட்டில் இரண்டு வருஷமாகக் கேட்காத அந்தக் குறட்டை வந்தது.

அடுத்த வாரம் ஹாலிலும் அவள் அதே குரலில்தான் பாடினாள். என் பாவாடையும் மேடையேறியது. அதற்கும் இரண்டு கட்சி உண்டு. என் மனதில் நிற்பது என்னவோ தம்பி குறட்டை விட்ட அந்த ஞாயிறு மதியம்தான். அவ்வளவு நாள் எழுதியவர்களும் பேசியவர்களும் இருக்கட்டும், இதோ இவன் ஒருத்தன் குறட்டையில் விமர்சனம் எழுதுகிறானே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கம்பியிலிருந்து கையை எடுத்து, உதட்டில் விரலை வைத்து, "உஸ்" என்றாள். எனக்குச் சொன்னாள்! பிறகு குரலை இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்ட இடத்திலிருந்து பாடினாள். கிடார் ஓட்டையில் மஞ்சள் நாடா வெளியே தொங்கி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.