எட்டு விநாடிக் குரல்

அந்தப் பெட்டியை வீட்டுக்குள் இறக்கியபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, இத எங்க வெக்கிறதுன்னு யோசிச்சீங்களா?" யோசிக்கவில்லை. சிங்காநல்லூரில் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவனுக்கு, மூடிப்போன ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் கிடந்த வெளிநாட்டு வாத்தியம் எதற்கு என்று தெருவே கேட்டது. எதற்கென்று எனக்கும் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பார்த்தால் ஆர்மோனியத்தின் பெரியப்பா மாதிரி இருக்கும். பின்பக்கத்தைக் கழற்றினால் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு டேப். கட்டையை அழுத்தினால் அது ஓடும். யாரோ என்றைக்கோ ஊதிவைத்த புல்லாங்குழல் கேட்கும். எட்டு விநாடிதான். விரலை எடுத்தால் ஸ்பிரிங் டேப்பை இழுத்து மறுபடி தொடக்கத்தில் நிறுத்திவிடும். இதைவிடச் சுத்தமான குழலோசை இன்றைக்குக் கைபேசியிலேயே கிடைக்கிறது. ஆனால் இந்தப் பெட்டியில், சுரம் வருவதற்கு முன்னால் ஊதியவர் மூச்சிழுப்பது கேட்கும். கட்டைக்குக் கட்டை அந்த மூச்சு வேறு. யார் அந்த ஆள், ஆணா பெண்ணா, அன்றைக்குச் சளி பிடித்திருந்ததா என்றெல்லாம் யோசித்தபடி உட்கார்ந்திருப்பேன். மோட்டார் கேட்டு வந்தவர்கள் திட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் கழுத்தில் தைராய்டு கட்டி என்று தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம், குரல் மட்டும் மாறினாலும் மாறலாம் என்றார் டாக்டர். மட்டுமாம். அந்தச் சொல்லுக்காகவே அவரை ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றியது. இவள் மேடையேறிப் பாடியவள் அல்ல. துணி காயப்போடும்போது பாடுவாள், அரிசி களையும்போது பாடுவாள். அவள் வீட்டில் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்பதே எனக்கு அந்தப் பாட்டை வைத்துத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னால், "அம்மணி, உன் குரல இதுக்குள்ள வச்சரலாமா?" என்று கேட்டேன்.

"போங்க, நானென்ன பாட்டுக்காரியா?" என்றாள். ஆனாலும் மைக் முன்னால் உட்கார்ந்தாள். நான் ரெக்கார்டரில் வெற்று டேப்பை ஓடவிட்டுத் தலையாட்டுவேன். அவள் ஒரு சுரத்தை 'ஆ' என்று இழுப்பாள். அடுத்த கட்டைக்கு அடுத்த சுரம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல்தான் திரும்பவில்லை. காற்றும் கரகரப்புமாக, பேச மட்டும் போதுமான ஒன்று வந்தது. சில நாள் பாட முயன்றாள், பிறகு விட்டுவிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

அவளைத் தேற்றலாம் என்று டேப்பை அளவாக நறுக்கிக் கட்டைகளுக்கு மாட்டினேன். முதல் கட்டையை அழுத்தினேன்.

"ஏனுங்க, பாடட்டுங்களா?" என்றது பெட்டி. அதற்குப் பிறகே 'ஆ'.

அடுத்த கட்டையிலும் அதே கேள்வி. எல்லாக் கட்டையிலும் அதேதான். எங்கள் பக்கம் கேட்காமல் எதையும் தொடங்கமாட்டார்கள். வந்த விருந்தாளிகூட 'வரட்டுங்களா' என்று கேட்டு, சரி என்ற பிறகுதான் எழுந்திருப்பார். அப்படியே பழகிய என் காதுக்கு, பதிவின்போது அது ஒரு சத்தமாகவே படவில்லை. மூன்று கட்டையைச் சேர்த்து அழுத்தினால் மூன்று மனைவிகள் அனுமதி கேட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், என்மீதுதான். கேள்வியை வெட்டினால் மிஞ்சுவது அரைகுறைச் சுரம். மறுபடி பாடச் சொல்லவும் வழியில்லை.

சரி, மிஞ்சுவது மிஞ்சட்டும் என்று பிளேடை எடுத்தேன். எங்கே வெட்டுவதென்று பார்க்க ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். "ஏனுங்க, பாடட்டுங்களா?" விரலை எடுத்தேன். "ஏனுங்க, பாடட்டுங்களா?" மறுபடி எடுத்தேன். "ஏனுங்க, பாடட்டுங்களா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அவரு கெடக்கறாரு உடு," என்றாள் மனைவி பெட்டியிடம், அந்தக் கரகரத்த குரலில். "நீ பாடு கண்ணு."

பிளேடைக் கீழே வைத்துவிட்டு, டேப் தீரும்வரை கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.