பொன்செல்வியின் கரண்டு

பொன்செல்வி கரண்டு தயாரிக்கப் படிக்கிறாள் என்றுதான் போனக்காட்டுத் தேயிலைத் தோட்ட லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். அணுக்கரு இணைவு என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னது அவள்தான். சூரியனில் நடப்பது அதுதான், அதிலிருந்து கரண்டு எடுக்கலாம் என்று டிவியில் கேட்டதை யாரோ அதோடு ஒட்டிவிட்டார்கள். திருத்த அவளுக்கு அலுப்பு.

காரியவட்டம் பல்கலைக்கழகத்தில் அவள் செய்த ஆராய்ச்சியே வேறு. லித்தியம் அணுக்கருவைக் கனமான இன்னொன்றின் மீது மோதவிட்டால், கணக்கு சொல்லும் அளவுக்கு அவை இணைவதில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

முனைவர் பட்டம் உறுதியானதும் மழையோடு வீட்டுக்கு வந்தாள். மின்கம்பியில் மரம் விழுந்து லயம் முழுக்க இருட்டு.

“என்னடி கண்டுபிடிச்ச?” என்றாள் அம்மா சரசம்மா, மெழுகுவர்த்தி ஏற்றியபடி.

“ஏன் சேரலைன்னு. பக்கத்துல போறதுக்குள்ள லித்தியம் ஒடஞ்சிருதும்மா.”

“அப்ப கரண்டு?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள். “வெளிய இதச் சொல்லிராத, கேட்டியா.”

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு ஞானையன் வந்து தட்டினார். “மோளே, படிச்சு முடிச்சாச்சுல்ல? இனி உன்னோட கரண்டு வந்துருமா?”

பொன்செல்வி அம்மாவைப் பார்க்கவில்லை.

“வரும் மாமா” என்றாள்.