எண்ணெய்க் கசிவும் பாப்பாவின் பெயரில் ஒரு பொய்யும்

நன்றாக இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெற்றவளே பொய் சொல்லலாமா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

போன கோடையில், எங்கள் டிராக்டரின் முன்னால் மண் அள்ளுவதற்காகப் பொருத்திய வாளி மேலே எழும்பவில்லை. அதை அழுத்தத்தால் தூக்கும் எண்ணெய் எங்கே கசிகிறது என்று பார்க்க, என்ஜின் ஓடும்போதே என் கணவர் ரப்பர் குழாயை விரலால் தடவினார். சட்டென்று கையை உதறினார். விரலில் ஒரு சிறு புள்ளி, ரத்தம்கூட இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்றேன்.

"இன்னாடி, முள்ளு குத்தினாப்ல கீது, இதுக்கா டாக்டரு? கொசு கடிச்சாலே பஸ் ஏறுவ நீ. சுண்ணாம்பு எடுத்தா" என்று சிரித்தார்.

சற்று நேரத்தில் விரல் வெளுத்து விறைத்தது. அப்போதும் அவர் அசையவில்லை. "பாப்பாவுக்கு உடம்பு நெருப்பா சுடுது" என்றேன். மறுபேச்சின்றிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பாப்பாவைப் போர்வையில் சுற்றி நானே தூக்கிக்கொண்டேன். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவர் விரலைத்தான் காட்டினேன். அழுத்தத்தில் பீறிட்ட எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பரவியிருந்ததாம். தாமதித்திருந்தால் விரலையே எடுத்திருப்பார்களாம். அன்றே கீறிச் சுத்தம் செய்தார்கள். கட்டுப் போட்ட கையோடு அவர் கேட்டது ஒன்றுதான்: "பாப்பா மேலயா பொய் சொன்ன?"

இப்போது கசிவு பார்க்க, விரலுக்குப் பதிலாகக் குழாயருகே நீட்ட ஓர் அட்டைத் துண்டு வைத்திருக்கிறோம். வாளியைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்திய பிறகே குழாயைத் தொட விடுவேன். ஆனால் பாப்பா தும்மினாலும் என் வாக்குப் பலித்துவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். டாக்டரிடம் வர மறுப்பவரை, பிள்ளை மேல் பொய் சொல்லாமல் அழைத்துப் போக என்ன சொல்ல வேண்டும்? தெரிந்த சகோதரிகள் எழுதுங்களேன்.