ஒரு நாளைக்கு இரண்டு முழம்

வெல்லாவெளிக் கேதீஸ்வரி என் சின்னம்மாவின் மகன் வழிப் பேத்தி, எனக்கு மகள் முறை. போன போகத்தில் அவள் புருசன் அழகரத்தினத்தை வாய்க்கால் கரையில் வைத்து யானை அடித்துக் கொன்றது. அதன் பிறகு அவள் வயல் பக்கமே போகவில்லை.

எங்கள் வயல் வட்டையில் தண்ணீர் திறக்குமுன் அவரவர் பங்கு வாய்க்காலை அவரவர்தான் வெட்ட வேண்டும். வெட்டாதவரின் வயலுக்குத் தண்ணீர் கிடையாது. அவள் பங்கு இருபத்தெட்டு முழம். யானைக்குப் பயந்து கூலிக்கும் ஆள் வரவில்லை.

“இன்னும் பதினைஞ்சு நாள்தான் புள்ள,” என்று தண்ணீர் பங்கிடும் வட்டை விதானை சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் மண்வெட்டியை ஓங்கியவள் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். மறுநாள் தொடக்கம் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு போய் இரண்டு முழம் மட்டும் வெட்டுவாள், உடனே திரும்பிவிடுவாள்.

“ரெண்டு முழத்துக்கு இந்தக் கட்டுக் கட்டணுமாகா?” என்று அவளுடைய மச்சாள் புஸ்பம் சிரித்தாள்.

“வெட்டுறதுக்கில்ல மச்சாள், ஓடுறதுக்குத்தான் இறுக்கிக் கட்டினது.”

பதினோராம் நாள் காலை, கரையில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. பக்கத்துப் பற்றைக்குள் கொப்பு முறிந்தது. இன்று திரும்பினால் நாளைக்கு வரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். பற்றையைப் பார்த்தபடியே வெட்டினாள், கையால் அளந்தாள். இரண்டு முழம் வந்தபின்தான் ஓடினாள்.

தண்ணீர் திறந்த அன்று அது தடையில்லாமல் அவள் வயலுக்குள் இறங்கியது.

“இனிப் பயமில்லத்தானே?” என்றார் விதானை.

“இருக்கு மாமா. நாளைக்கு வரம்பு கட்ட வாறன்.”