மோத்திக்கு வந்த டிரான்ஸ்பர்

ஓக்லாவில் என் பெயரில் ஒரு கிடங்கு இருக்கிறது. டெல்லியில் கிளம்பி நாகர்கோவில் வரை போகிற லாரிகள் இருக்கின்றன. துவாரகாவில் லிஃப்ட் வைத்த வீடு, அதில் மகன், மருமகள், பேத்தியோடு நான். எட்டாம் வகுப்பில் இரண்டு தரம் தவறியபோது, "இவனை லாரியில் மூட்டை ஏற்ற அனுப்புங்கள்" என்று வாத்தியார் சொன்னாரே, அந்தப் பையன் கட்டியது இவ்வளவும். மூட்டை ஏற்றத்தான் போனேன். பிறகு லாரியையே வாங்கினேன்.

மாற்றலாகிப் போகும் சர்க்கார் குடும்பங்களின் வீட்டுச் சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்துப் பெரிய அதிகாரி ஆனவன் ஒருவனின் பீரோவும் என் லாரியில்தான் போயிற்று. ஒரு கீறல் விழவில்லை. எனக்கு யாரும் கை கொடுத்ததில்லை. எனக்காக ஒருத்தரும் ஓர் அங்குலம் நகர்ந்து கொடுத்ததில்லை. இதைப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

போன மாதம் எங்கள் வீட்டு நாய் செத்துப்போனது. பிஸ்கட் என்று பெயர். பேத்திக்கு ஐந்து வயது. அவள் பிறப்பதற்கு முன்பே அது வீட்டுக்கு வந்துவிட்டது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள், வெறும் கழுத்துப்பட்டையோடு திரும்பி வந்தார்கள். அன்று சாயங்காலம் மகனும் மருமகளும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பிஸ்கட் டேராடூனில் ஒரு ஃபார்முக்குப் போயிருக்கிறது, அங்கே ஓடி விளையாட நிறைய இடம் இருக்கிறது என்று சொன்னார்கள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்த வேகத்தில் டீ வேட்டியில் கொட்டியது. இத்தனை படித்தவர்கள், இத்தனை வருஷம் கழித்து, அதே காரியத்தைச் செய்கிறார்களே என்று திகைத்துப் போனேன்.

"செத்துப் போச்சுன்னு சொல்லுடா," என்றேன் மகனைத் தனியே கூப்பிட்டு.

"அப்பா, ப்ளீஸ். குழந்தைகிட்ட அப்படியா பேசுவாங்க? நீங்க சும்மா இருங்க."

சும்மாதான் இருந்தேன். மறுநாள் காலையில் குழந்தையே என்னிடம் வந்தாள். அவள் தமிழில் பாதி ஹிந்தி: எப்போது என்பதற்கு 'கப்', அப்படியென்றால் என்பதற்கு 'மத்லப்'.

"தாத்தா, பிஸ்கட் ஃபார்ம்லேர்ந்து கப் வரும்?"

"வராது கண்ணு. செத்துப் போச்சு."

"மத்லப்?"

"மர் கயா," என்றேன் அவள் ஹிந்தியிலேயே.

"கல் வருமா?"

"நாளைக்கும் வராது. என்னைக்கும் வராது."

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வர வெகு நேரம் ஆயிற்று. பிறகு வீடே அதிர்ந்தது. மருமகள் ஓடிவந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். மகன் என்னோடு பேசுவதை நிறுத்தினான்.

அந்த வார முடிவில் குழந்தைகள் மனசைப் பார்க்கிற ஒரு அம்மாவிடம் கம்ப்யூட்டரில் பேசினார்கள். அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? குழந்தையிடம் உண்மையைச் சொல்லுங்கள், செத்துவிட்டது என்ற வார்த்தையையே சொல்லுங்கள், தூங்குகிறது ஊருக்குப் போயிருக்கிறது என்றெல்லாம் சொல்லாதீர்கள், புதைத்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மகனும் மருமகளும், ஆகா, எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார் என்று தலையாட்டினார்கள். நான் அடுத்த சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எட்டாம் வகுப்பு தாண்டாதவனுக்கு இது எங்கிருந்து தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

அப்பா ஒரு மத்திய சர்க்கார் ஆபீசில் கிளார்க். டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். எனக்கு ஆறு வயது. ஒரு குளிர்காலத்தில் தெருவில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை அப்பா கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். அதுதான் மோத்தி. காலையில் அப்பாவோடு பஸ் ஸ்டாப் வரை போகும். அவர் ஆபீஸ் பஸ்ஸில் ஏறியதும் திரும்பி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து என் இட்லியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் குடியிருப்பில் மனிதர்கள் காணாமல் போவது சாதாரணம். நேற்று வரை என்னோடு கோலி விளையாடிய பையன் இன்று இருக்க மாட்டான். கேட்டால் அவன் அப்பாவுக்கு டிரான்ஸ்பர் என்பார்கள். ஒரு லாரி வரும், கட்டிலும் சைக்கிளும் மேலே ஏறும், எதிர்வீட்டில் அவர்களுக்குப் பூரி போடுவார்கள், ஆபீசில் போட்ட மாலை ஜன்னல் கம்பியில் தொங்கும். அடுத்த வாரம் அந்த ஜன்னலில் வேறு திரைச்சீலை. சாவு என்ற வார்த்தைக்கு முன்னால் டிரான்ஸ்பர் என்ற வார்த்தையைக் கற்ற பிள்ளைகள் நாங்கள். அதை நிறுத்துகிற வழியும் எங்களுக்குத் தெரியும். குடியிருப்பின் பெரிய வீடுகளில் ஒன்றில் ஒரு தமிழ் அதிகாரி இருந்தார். டிரான்ஸ்பர் அவர் கையில் என்று பேச்சு. பெண்கள் ஒரு டப்பா முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் அழுவார்கள். சிலருக்கு நின்றுவிடும்.

கோடை விடுமுறையில் ஒரு நாள். ஆபீஸ் போன அப்பா கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார், வெறும் பனியனோடு. அவரை அப்படித் தெருவில் நான் பார்த்ததே இல்லை. நேரே குழாயடிக்குப் போய்க் கை கால்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அம்மா தட்டு வைத்தாள். தொடவில்லை.

"மோத்தி எங்கப்பா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டைப் பார்த்தார்.

"அவனுக்கு டிரான்ஸ்பர் வந்துட்டுல," என்றார்.

"எந்த ஊருக்கு?"

"நாக்பூர்."

"அங்க குவார்ட்டர்ஸ் கிடைக்குமா?"

"கிடைக்கும்."

"லாரி வரலியே."

"அவன்கிட்ட என்னல சாமான் இருக்கு ஏத்துததுக்கு."

அம்மா சடக்கென்று எழுந்து உள்ளே போனாள். எனக்கு அடித்துப் போட்டது மாதிரி இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே. அவனுடைய அலுமினியத் தட்டு வாசலில் கிடந்தது. அதைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஞாயிறு. அலமாரியில் எங்களுக்காக வைத்திருந்த முறுக்கு டப்பாவை ஒரு கையிலும் மோத்தியின் தட்டை மறுகையிலும் எடுத்துக்கொண்டு அதிகாரி வீட்டுக்குப் போனேன். அவர் முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாருடா நீ?"

அப்பா பெயரைச் சொன்னேன். டப்பாவை நீட்டினேன். "மோத்தியோட டிரான்ஸ்பரைக் கேன்சல் பண்ணணும் சார்."

"யாரு மோத்தி? எந்த செக்ஷன்?"

"எங்க வீட்டுல, சார்."

"உங்க வீட்டுலயா? என்ன போஸ்ட்?"

தட்டைக் காட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நுரை தெறிக்கச் சிரித்தார். மனைவியை உள்ளேயிருந்து கூப்பிட்டு, "இங்க வா, இந்த கேஸைக் கேளு" என்றார். டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

"டிரான்ஸ்பராவது மண்ணாவது. உங்க நாய் நேத்து பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது சக்கரத்துல மாட்டிச் செத்துப் போச்சுடா. ஸ்டாப்புல அத்தனை பேரும் பார்த்தோம். உங்கப்பா சட்டையைக் கழட்டி அதுல சுத்தித் தூக்கிண்டு போனார். புதைச்சிருப்பார்."

அந்த அம்மாள், "பச்சைக் குழந்தைகிட்ட என்ன பேச்சு இது?" என்று அவரை அதட்டியது கேட்டது. நான் அதற்குள் படியிறங்கிவிட்டேன்.

அழவில்லை. ஏன் என்றால் எனக்குப் பயமாக இருந்தது. மோத்தி செத்ததை விடப் பெரிய விஷயம் ஒன்று அந்தப் படியில் எனக்கு விளங்கிவிட்டது. டிரான்ஸ்பர் என்றால் இதுதான். கோலி விளையாடிய பையன், எதிர்வீட்டுப் பாட்டு டீச்சர், மூன்று சக்கர சைக்கிள் வைத்திருந்த சர்தார் வீட்டுக் குட்டிப் பெண், எல்லோரும். போனவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பி வந்ததில்லையே. மாலை போட்டார்களே. லாரி கிளம்பும்போது அக்காமார் எல்லாம் கட்டிப்பிடித்து அழுதார்களே. எல்லாம் பொருந்தியது. பெரியவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து பூரி தின்றுவிட்டு ஆட்களை அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முறுக்கு எங்கே என்று அம்மா கேட்டாள், தின்றுவிட்டேன் என்றேன். அதன் பிறகு தெருவில் லாரி நின்றால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். பிள்ளை நாயை நினைத்து ஏங்குகிறான், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள்.

மழை தொடங்கிய பிறகு ஒரு சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தார். கழுத்தில் சாமந்தி மாலை. கையில் மிட்டாய் டப்பா. முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்து வீட்டார் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"பிரமோஷன்," என்றார் அம்மாவிடம். "டிரான்ஸ்பரோட. நாக்பூர்."

நான் போட்ட சத்தம் எனக்கு நினைவில்லை. அம்மா பிற்காலத்தில் சொன்னதுதான். அப்பாவின் கால்களைக் கட்டிக்கொண்டு விழுந்தேனாம். மிட்டாய் டப்பா கவிழ்ந்து பர்ஃபி வாசலெல்லாம் உருண்டதாம். யார் இழுத்தும் கையை எடுக்கவில்லையாம்.

"என்னல? என்ன சொல்லுத? அழாமச் சொல்லு ராசா."

"அப்பாவைப் புதைச்சிருவாங்க. மோத்தியை மாதிரி."

அப்பாவின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மெல்ல மாலையைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அம்மா, "நான் அப்பமே சொன்னேன்லா, பிள்ளைகிட்டச் சொல்லிருங்கன்னு," என்றாள்.

மழை விட்டதும் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்து மிதித்தார். ரயில் பாதை ஓரத்தில் ஒரு கீக்கர் மரம், நம் ஊர்க் கருவேலம். அதன் அடியில் கொஞ்சம் மண் மேடு, மழையில் கரைந்திருந்தது. மேலே ஒரு செங்கல்.

"இங்கதான் இருக்கான்," என்றார். "டிரான்ஸ்பர் எல்லாம் இல்ல. செத்துப் போயிட்டான். நான்தான் புதைச்சேன்."

"வலிச்சுதா அவனுக்கு?"

"கொஞ்ச நேரம்."

"இனி சாப்பிட மாட்டானா?"

"மாட்டான்."

"கோலிப் பையன்?"

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னைத் தோளோடு இழுத்துக்கொண்டார். "அவன் நல்லா இருக்கான்ல. போபாலில் பள்ளிக்கூடம் போறான். எல்லாரும் நல்லா இருக்காவ." மற்ற பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஊர் சொன்னார். பாட்டு டீச்சர் லக்னோ. சர்தார் வீட்டுப் பெண் ஜபல்பூர். எல்லோரும் உயிரோடு திரும்பி வந்தார்கள். மோத்தி மட்டும் வரவில்லை. அப்போதுதான் அவனுக்காக அழுதேன். அப்பா தன் பங்குக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு ரயிலைப் பார்த்தார். ரயில் எதுவும் வரவில்லை.

"நீங்க நாக்பூர் போனா வருவீங்களா?"

"வருவேன்."

"சத்தியமா?"

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். நான் விடாமல் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் அம்மா முறுக்கு பிழிந்தாள். தீபாவளி இல்லை, கிருஷ்ண ஜயந்தி இல்லை. ஏன் என்று யோசித்தேன். உடைந்தவற்றை என்னிடம் கொடுத்தாள். முழுசானவற்றை டப்பாவில் அடுக்கினாள். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு அந்த டப்பாவோடு பெரிய வீடுகள் இருக்கிற பக்கம் நடந்து போனார். நான் வாசலில் உட்கார்ந்து உடைந்த முறுக்கைத் தின்றேன். நன்றாக மொறுமொறுவென்று இருந்தது. அந்த டப்பாவோடு என்ன போகிறது என்று எனக்குத் தெரியாது. அப்பா கடைசிவரை அதே ஆபீசில், அதே நாற்காலியில் கிளார்க்காகவே இருந்து ரிடையர் ஆனார். நான் டெல்லியிலேயே வளர்ந்தேன், டெல்லியிலேயே தவறினேன், டெல்லியிலேயே முதல் லாரி வாங்கினேன். லாரிக்குப் பூசை போட்ட அன்றுதான் அம்மா முறுக்கு விஷயத்தைச் சொன்னாள். அப்பா அப்போது இல்லை.

பிஸ்கட்டைப் புதைத்த இடத்துக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதன் பட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். வீட்டு வாசலில் லாரி நின்றால் பயப்படுவதில்லை, டிரைவருக்கு டாட்டா காட்டுகிறாள். மகன் வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் அம்மாவைப் புகழ்கிறான். நல்ல அம்மாதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தையை இந்த வீட்டில் முதலில் சொன்னது யார்? வேட்டியில் டீ கொட்டிக்கொண்டு நின்றது யார்? அப்பாவுக்குச் சேர வேண்டியதை நான் எழுதிவிட்டேன். எனக்குச் சேர வேண்டியதை நீங்கள் பத்திரிகையில் என் பெயர் போட்டுச் சொல்லுங்கள்.